நுரையீரல் மாற்று சர்ஜனின் ஆராய்ச்சியை சைட்டேஷன் எண்ணி அளக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையில் ஜோயல் கூப்பரைப் பெரிய முன்னோடி என்கிறார்கள். ஆனால் எச்-இண்டெக்ஸ், சைட்டேஷன் என்று பார்த்தால் புற்றுநோய் மருந்து ஆராய்பவர்கள் பலர் அவரை எளிதாகத் தாண்டி நிற்கிறார்களே? ஒரு சர்ஜனின் ஆராய்ச்சியை எப்படித்தான் எடை போடுவது?"

நான் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருப்பவன். பதவி உயர்வு நேர்காணல் வரும்போதெல்லாம் டாக்டர்களுக்கு சைட்டேஷன் கணக்கெடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். சைட்டேஷன் என்றால் ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டுவது. எச்-இண்டெக்ஸ் அதையே ஒரே எண்ணாகச் சுருக்கியது: ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள் தலா 40 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதை முன்வைத்தார். இயற்பியல்காரர் போட்ட கணக்கை நாம் ஆபரேஷன் தியேட்டருக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அது யாருடைய எண் என்று பார்க்க வேண்டும். மருத்துவத் தரவுத்தளங்களில் பழைய கட்டுரைகள் குடும்பப் பெயர், அப்புறம் முதலெழுத்துகள் என்றுதான் கிடக்கின்றன. 'கூப்பர் ஜே.டி.' என்று தேடினால் நுரையீரல் கூப்பரோடு, குழந்தைகளின் நரம்புச் சிதைவு நோயை ஆராயும் இன்னொரு கூப்பரும் சேர்ந்தே வருவார். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தால், இருவர் பெயரோடும் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டொராண்டோவின் ஷாஃப் கெஷவ்ஜி கதை இன்னும் வேடிக்கை. அவர் நுரையீரல் மாற்று சர்ஜன். ஹார்வர்டில் சல்மான் கெஷவ்ஜி என்று ஒருவர் மருந்துக்கு அடங்காத காசநோயை ஆராய்கிறார். இருவரும் 'கெஷவ்ஜி எஸ்.', இருவருக்கும் நுரையீரல். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நான் ஒவ்வொரு கட்டுரையாகத் தலைப்பைப் படித்துத்தான் பிரிப்பேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சரி, கூப்பருக்கு வருவோம். அவருடைய பணியின் எடை தெரிய வேண்டும் என்றால் அவருக்கு முன்னால் என்ன நிலைமை என்று தெரிய வேண்டும்.

மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று 1963 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரில் நடந்தது. செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். அதன் பிறகு இருபது வருடங்களில் உலகம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் செய்து பார்த்தார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1968இல் செய்துகொண்ட ஒருவர் பத்து மாதம் போல இருந்தார், அதுதான் சாதனை. மற்றவர்களில் பெரும்பாலோர் நாள்களில், வாரங்களில் போய்விட்டார்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நுரையீரல் மட்டும் நடக்கவே நடக்காது என்ற முடிவுக்குப் பலர் வந்திருந்தார்கள்.

டொராண்டோவில் கூப்பர் குழுவும் 1978இல் ஒன்று செய்தது. தீயில் புகையை உள்ளிழுத்து நுரையீரல் கெட்டுப்போன நோயாளி. மூன்றாவது வாரத்தில் மூச்சுக்குழாயைத் தைத்த இடம் பிரிந்து இறந்துபோனார். முந்தைய முயற்சிகளிலும் முதல் சில நாள்களைத் தாண்டியவர்களின் உயிரை வாங்கியது பெரும்பாலும் இதே இடம்தான். நுரையீரலை எடுத்துப் பொருத்தும்போது பெரிய ரத்தக்குழாய்களை இணைத்துவிடுகிறார்கள். ஆனால் மூச்சுக்குழாயின் சுவருக்கே ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகள் மகாதமனியிலிருந்து வருபவை, அவற்றை இணைப்பதில்லை. ஆகவே தையல் போட்ட இடம் ரத்தமில்லாமல் வெளுத்து, இற்று, பிய்ந்துவிடும்.

இந்த இடத்தில் கூப்பர் செய்ததுதான் அவருடைய ஆராய்ச்சியின் அடிவேர் என்று நான் நினைக்கிறேன். அடுத்த நோயாளியைத் தேடாமல் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். நாயின் நுரையீரலை எடுத்து அதே நாய்க்கே திரும்பப் பொருத்தினார்கள். சொந்த உறுப்பு என்பதால் உடல் நிராகரிக்கிற பிரச்சினை இல்லை. தையல் ஆறுகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்க்கலாம். நிராகரிப்பைத் தடுக்க அன்று எல்லோரும் அள்ளிக் கொடுத்த ஸ்டீராய்டுதான் தையலை ஆறவிடாமல் செய்கிறது என்று தெரிந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் வேறு மருந்துகளான சைக்ளோஸ்போரினும் அசாதயோபிரினும் அப்படிச் செய்யவில்லை. கூடவே, வயிற்றுக்குள் குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பான ஓமெண்டத்தை மேலே இழுத்து வந்து தையலைச் சுற்றிப் போர்த்தினால், சில நாளில் அதிலிருந்து புது ரத்தக்குழாய்கள் மூச்சுக்குழாய்க்குள் ஓடுவதையும் கண்டார்கள். 1981இலிருந்து 1983 வரை வந்த கட்டுரைகள் இவை. முதல் பெயர் லீமா போன்றவர்களுடையது; கூப்பரின் பெயர் பின்னால்.

இதை வைத்துத்தான் 1983 நவம்பர் 7 அன்று டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில் டாம் ஹால் என்ற 58 வயதுக்காரருக்கு ஒரு பக்க நுரையீரலை மாற்றினார்கள். நுரையீரல் இறுகிப்போகும் ஃபைப்ரோசிஸ் அவருக்கு. ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்து, கடைசியில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். உலகில் நீடித்து வெற்றிபெற்ற முதல் நுரையீரல் மாற்று அது.

இந்த வெற்றியை உலகுக்குச் சொன்ன கட்டுரை 1986இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்த மனிதரின் பெயரும் இல்லை. 'டொராண்டோ நுரையீரல் மாற்றுக் குழு' என்று மட்டும் இருக்கிறது. சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், நுரையீரல் மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் என்று எல்லோரும் சேர்ந்து செய்தது என்பதால் அப்படிப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், அழகான செயல். ஆனால் விளைவு என்ன? பெயரை வைத்துத் தேடும் எந்தக் கணக்கிலும் அந்தக் கட்டுரை கூப்பரின் கணக்கில் தானாக ஏறாது. ஒரு துறையைத் தொடங்கிவைத்த கட்டுரையே அதைத் தொடங்கியவரின் எச்-இண்டெக்ஸில் விடுபட்டுப்போகலாம். இதை நான் முதன்முதலில் கவனித்த அன்று, அதுவரை கணக்கெடுத்துக் கொடுத்த எத்தனை பேருக்கு இப்படி விட்டிருப்பேனோ என்று வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் இரட்டை நுரையீரல். 1986இல் ஆன் ஹாரிசன் என்பவருக்கு இரண்டு நுரையீரலையும் ஒரே கட்டாக மாற்றியதும் இதே டொராண்டோ குழுதான். ஆனால் ஒரே கட்டாக வைக்கும்போது இணைப்பு மேலே பெரிய மூச்சுக்குழாயில் விழுகிறது. அங்கே ரத்த ஓட்டம் இன்னும் மோசம். கூப்பர் 1988இல் செயின்ட் லூயிஸுக்குப் போன பிறகு, ஒரே ஆபரேஷனில் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் முறையை அவர் குழு கொண்டுவந்தது. 1990இல் கட்டுரை வந்தது. முதல் பெயர் மைக்கேல் பாஸ்க். இன்று சென்னையிலோ வியன்னாவிலோ ஒருவருக்கு இரண்டு நுரையீரலும் மாற்றினால் பெரும்பாலும் இந்த முறையில்தான்.

ஆனால் அப்படி மாற்றுகிறவர்கள் கட்டுரை எழுதும்போது 1990ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவார்களா? பெரும்பாலும் இல்லை. 'வழக்கமான முறையில் இரு பக்கமும் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கண்டுபிடிப்பு எல்லோர் கைக்கும் பழகிப்போன பின் அதைக் கண்டுபிடித்தவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை, உள்வாங்கப்படுவதாலேயே அழிந்துபோவது என்றார். சட்டையில் பொத்தான் போடும்போது அதைக் கண்டுபிடித்தவனை யார் நினைக்கிறார்கள்? அறுவை சிகிச்சையில் இது மிக அதிகம், ஏனென்றால் நுட்பங்கள் கையிலிருந்து கைக்குப் போகின்றன. கட்டுரையைப் படித்துக் கற்றவர்களைவிட, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்களே அதிகம்.

அந்த ஓமெண்டத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்று அநேகமாக யாரும் போர்த்துவதில்லை. தானம் கிடைத்த நுரையீரலின் மூச்சுக்குழாயைக் குட்டையாக வெட்டி இணைத்தாலே போதும் என்று பின்னால் தெரிந்தது. ஸ்டீராய்டும் ஆரம்பத்திலிருந்தே கொடுக்கிறார்கள். அதாவது, கதவைத் திறந்த இரண்டு சாவிகளும் இப்போது உபயோகத்தில் இல்லை. கதவு மட்டும் திறந்தே இருக்கிறது. சைட்டேஷன் வரைபடத்தில் இது 'பழைய கட்டுரை, மவுசு குறைந்துவிட்டது' என்று தெரியும்.

அப்படியானால் கூப்பரின் பெயரில் சைட்டேஷன் குவிந்தது எங்கே? இரண்டு இடங்கள். இரண்டும் வேறு வேறு காரணங்களுக்காக.

ஒன்று, 1993இல் வந்த நாலே பக்கக் கட்டுரை. மாற்றி வைத்த நுரையீரல் வருடங்கள் போகப்போகச் சிறு காற்றுக்குழாய்கள் அடைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செயலிழக்கும். ஒவ்வொரு மருத்துவமனையும் இதற்கு ஒரு பெயர், ஒரு அளவு வைத்திருந்தது. சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் கூட்டிய குழுவோடு உட்கார்ந்து, கூப்பரை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு பொது வரையறை செய்தார்கள். ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதுதான் அளவு. நோயாளியின் சொந்த உச்ச அளவில் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பூஜ்ய நிலை. 66இலிருந்து 80க்குள் முதல் நிலை. 51இலிருந்து 65 இரண்டாம் நிலை. 50க்கு வந்துவிட்டால் மூன்றாம் நிலை. அதில் புது மருந்தும் இல்லை, புது ஆபரேஷனும் இல்லை. ஆனால் அந்த நோயைப் பற்றி எழுத உட்கார்ந்த ஒவ்வொருவரும் 'நாங்கள் இந்த அளவைப் பயன்படுத்தினோம்' என்று இதைச் சுட்டியாக வேண்டியிருந்தது. 2002இல் திருத்திய வரையறை வந்ததும் புதிய கட்டுரைகள் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தன. வரையறைக் கட்டுரை கடைத்தெருவில் இருக்கும் தராசு மாதிரி: எல்லோரும் அதில்தான் நிறுப்பார்கள், புதுத் தராசு வந்தால் பழையது பரணுக்குப் போய்விடும்.

இதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பொது அளவு இல்லாவிட்டால் டொராண்டோ நோயாளியையும் பாரிஸ் நோயாளியையும் ஒப்பிடவே முடியாது. என் வாதம் வேறு: நாய்களின் மூச்சுக்குழாயில் தையல் ஆறியதைக் காட்டிய கட்டுரையையும் இதையும் ஒரே கோலால் அளக்காதீர்கள் என்பதுதான்.

இரண்டாவது, சர்ச்சை. 1995இல் வந்த கட்டுரை. இது மாற்று சிகிச்சையே இல்லை, ஆனால் அதிலிருந்து கிளைத்தது. எம்ஃபிசீமா நோயில் நுரையீரல் ஊதிப்போய், மார்புக்கூடு பீப்பாய் போல விரிந்து, உதரவிதானம் தட்டையாகி, புது மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாமல் போகும். மாற்று சிகிச்சை செய்யும்போது, புதிதாக வைத்த அளவான நுரையீரலைச் சுற்றி அந்த விரிந்த மார்பே சுருங்கிக்கொள்வதைப் பார்க்க முடிந்தது. அப்படியானால் கெட்டுப்போன பகுதியை வெட்டிக் குறைத்தால் என்ன? இதே யோசனையைப் பால்டிமோரில் ஓட்டோ பிராண்டிகன் 1950களிலேயே செய்து பார்த்திருந்தார். இறப்பு அதிகம் என்று கைவிடப்பட்டது. கூப்பர் அதைத் தூசி தட்டி எடுத்தார். வெட்டிய ஓரத்தில் காற்று கசியாமலிருக்க மாட்டின் இதய உறையில் செய்த பட்டையை வைத்துத் தைத்தார். 20 நோயாளிகள். ஒருவரும் இறக்கவில்லை. ஒரு விநாடி ஊதும் அளவு சராசரியாக 82 சதவீதம் கூடியது.

இந்த எண்ணைப் படித்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இந்த ஆபரேஷன் ஆரம்பமாயிற்று. ஆனால் சராசரியாக ஆறு மாதத்துக்குச் சற்று மேல்தான் பின்தொடர்ந்திருந்தார்கள். ஒப்பிடுவதற்கு வேறு குழு கிடையாது. செலவைப் பார்த்து மிரண்ட அரசுக் காப்பீடான மெடிகேர், 1996 தொடக்கத்தில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பெரிய சோதனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், மருந்து மட்டும் எடுப்பவர்கள் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து 1,218 பேர். இப்படிப் பிரிப்பது சரியா என்று வெளிப்படையாகவே வாதிட்டவர்களில் கூப்பரும் ஒருவர். 2001இல் இடைக்கால அறிக்கை வந்தது: நுரையீரல் மிக மோசமாக இருந்த பிரிவினரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 16 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2003இல் முழு முடிவு வந்தது. நுரையீரலின் மேல் மடலில் மட்டும் நோய் அதிகமாக இருந்து, உடற்பயிற்சித் திறனும் குறைந்தவர்களுக்கு ஆபரேஷன் ஆயுளைக் கூட்டியது. மற்ற எல்லோருக்கும் அப்படி இல்லை.

இப்போது அந்த 1995 கட்டுரையின் சைட்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரித்தவர் சுட்டினார், எதிர்த்தவர் சுட்டினார், சோதனைக்குத் திட்டமிட்டவர் சுட்டினார், பின்னால் ஆபரேஷன் இல்லாமல் காற்றுக்குழாயில் வால்வு வைத்து அதே வேலையைச் செய்ய வந்தவரும் சுட்டினார். எண் ஏறிக்கொண்டே போகும். அது 'சரி' என்று சொன்னதா, 'தவறு' என்று சொன்னதா என்று எண்ணுக்குத் தெரியாது. என் சொந்தக் கணிப்பு: கூப்பர் பாதி சரி, பாதி அவசரம். அந்தப் பாதி சரியைக் கண்டுபிடிக்கவே அந்தப் பெரிய சோதனை தேவைப்பட்டது.

இன்னொன்றையும் எண் பார்ப்பதில்லை: வம்சாவளி. கூப்பரின் டொராண்டோ ஆய்வுக்கூடத்தில் இளைஞராக இருந்தபோது ஷாஃப் கெஷவ்ஜி 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பானில் ஃபுஜிமுரா குழு தொடங்கிய, பொட்டாசியம் குறைந்த டெக்ஸ்ட்ரான் கரைசலால் நுரையீரலைக் கழுவினால் பன்னிரண்டு மணி நேரம் பத்திரமாக வைத்திருக்கலாம் என்று அது காட்டியது. அதன் வழி வந்த கரைசல்தான் பின்னால் உலகெங்கும் பழக்கத்துக்கு வந்தது. அதே கெஷவ்ஜி, சுவீடனின் ஸ்டிக் ஸ்டீன் போட்ட பாதையில் போய், உடலுக்கு வெளியே கண்ணாடி போன்ற கூண்டுக்குள் நுரையீரலை உடல் சூட்டில் வைத்து, கரைசல் ஓட்டி, மூச்சு விடவைத்துச் சோதிக்கும் முறையை மார்செலோ சைபெலோடு சேர்ந்து நிலைநிறுத்தினார். 2011இல் வந்த கட்டுரையில், சந்தேகத்துக்குரிய 23 நுரையீரல்களை இப்படிச் சோதித்து 20ஐப் பயன்படுத்த முடிந்தது. முதல் பெயர் சைபெல், கடைசிப் பெயர் கெஷவ்ஜி. மருத்துவ ஆய்வில் கடைசிப் பெயர் என்றால் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் தலைவர் என்று பொருள். எச்-இண்டெக்ஸுக்கு முதல், கடைசி, நடு எல்லாம் ஒன்றுதான்.

துறையின் அளவையும் மறக்கக் கூடாது. உலகம் முழுக்க ஒரு வருடத்துக்கு நடக்கும் நுரையீரல் மாற்று சில ஆயிரங்கள் என்ற அளவில்தான். செய்பவர்களும் எழுதுபவர்களும் கொஞ்சம். புற்றுநோய் மருந்தைப் பற்றி எழுதினால் சுட்டுவதற்குப் பெரிய ஊரே இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு தெரு. நீங்கள் கேட்ட ஒப்பீட்டுக்கு நேரான பதில் இதுதான். ஒரே தெருவில் இருப்பவர்களோடு ஒப்பிடுங்கள், அப்போது கூப்பரின் உயரம் தெரியும்.

கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று. 1992இல் கூப்பரின் செயின்ட் லூயிஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஹிரோஷி டாடே முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வந்தது. நாயின் நுரையீரலை 4 டிகிரியில் வைப்பதைவிட 10 டிகிரியில் வைத்தால் நன்றாக இருக்கிறது என்பதுதான் விஷயம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனைகள் ஐஸ் பெட்டியை விடவுமில்லை. ஐஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், சரியாக 10 டிகிரி காட்டும் பெட்டிக்கு அன்று எங்கே போவது? டாடே ஜப்பான் திரும்பி, உயிரோடிருப்பவரின் நுரையீரல் மடலை எடுத்து மாற்றுவதில் பெயர்பெற்றார். இப்படிக் கிடக்கும் கட்டுரைகளுக்கு சைட்டேஷன் ஆராய்ச்சியில் 'தூங்கும் அழகி' என்று பெயர். நான் கும்பகர்ணன் என்பேன். எழுப்புவதற்குப் பெரிய மேளம் தேவைப்பட்டது.

அந்த மேளம் 2021இல் டொராண்டோவில் அடித்தது. சைபெலின் குழு பன்றியின் நுரையீரலை 10 டிகிரியில் வைத்து, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா நன்றாகத் தாங்குவதைக் காட்டியது. 2023இல் டொராண்டோ, வியன்னா, மாட்ரிட் மூன்று இடங்களில் 70 நோயாளிகளுக்கு, மாலையிலும் நள்ளிரவிலும் கிடைத்த நுரையீரல்களை 10 டிகிரியில் பத்திரப்படுத்தி, காலை ஆறு மணிக்கு மேல் ஆபரேஷனைத் தொடங்கினார்கள். சர்ஜன்கள் இரவு தூங்கி எழுந்து வந்து தைத்தார்கள். 1992 கட்டுரையின் ஆண்டுவாரி சைட்டேஷன் வரைபடத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். தேடும்போது முழுப் பெயரைப் போடுங்கள். வெறும் 'டாடே எச்.' என்று போட்டால் இன்னும் எத்தனை டாடேக்கள் வருவார்களோ.